முதன்முதலாக இரவு ரயிலில் போகிறவர்களுக்கு: பெர்த், லக்கேஜ், வெளிச்சம், சத்தம்

ஸ்லீப்பர் ஆனாலும் தேர்ட் ஏசி ஆனாலும் ஒரு தடுப்புக்கு எட்டுப் பேர். முன்பின் தெரியாத அந்த எட்டுப் பேரும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து, சாப்பிட்டு, தூங்கி எழ வேண்டும். அங்கே வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி யாருடைய கெட்ட எண்ணத்தாலும் வருவதில்லை. எந்த இடம் எந்த நேரத்தில் யாருக்கு என்பது தெரியாததால் வருகிறது. பல பேர் பல முறை அடிபட்டுத்தான் இதையெல்லாம் தெரிந்துகொள்கிறார்கள். நீங்கள் முதல் பயணத்திலேயே தெரிந்துகொண்டு ஏறலாம்.

1. டிக்கெட் எடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பர் 1 முதல் குறைத்துவிட்டார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் முதல் நாளிலேயே எடுத்தால்தான் எல்லோருக்கும் ஒரே தடுப்பில் இடம் கிடைக்கும். தள்ளிப்போட்டால் ஆளுக்கொரு மூலையில் விழும். பிறகு வண்டியில் ஏறி, மற்றவர்களிடம் இடம் மாற்றிக் கேட்டு நிற்க வேண்டி வரும்.

லோயர் பெர்த் வேண்டும் என்று விருப்பம் மட்டும் தெரிவித்தால் போதாது. அது உத்தரவாதம் இல்லை. 60 வயது நிரம்பிய ஆண்கள், 45 வயது நிரம்பிய பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்குத் தனி லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஸ்லீப்பரில் ஒரு பெட்டிக்கு ஆறேழு, தேர்ட் ஏசியில் நான்கைந்து. இங்கே பலரும் சறுக்குகிறார்கள்: அம்மா அப்பாவோடு தங்கள் பெயரையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக எடுத்துவிடுகிறார்கள். அந்த ஒதுக்கீடு, தகுதி உள்ள ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கும் டிக்கெட்டுக்குத்தான். இடையில் முப்பது வயது மகன் பெயர் சேர்ந்தால் மொத்த டிக்கெட்டும் பொது ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். பெற்றோருக்குத் தனி டிக்கெட், உங்களுக்குத் தனி டிக்கெட் எடுங்கள். வேறு பெட்டியில் விழக்கூடும் என்பது இதில் உள்ள சங்கடம். ஆனால் முழங்கால் வலியோடு அப்பர் பெர்த்தில் ஏறுவதை விட அது மேல். லோயர் கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்ற தெரிவும் இணையப் பதிவில் இருக்கிறது. அதையும் பயன்படுத்தலாம்.

குழந்தைகள் விஷயம்: 5 வயது முடியாத குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை, தனி பெர்த்தும் கிடையாது. 5 வயது முதல் 12 முடியாத வரை பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். பாதிக் கட்டணம் கட்டிவிட்டு, எதிர் இருக்கையில் காலியாக இருக்கும் இடத்தில் பிள்ளையைப் படுக்க வைத்து, இரவு பத்தரைக்கு அந்த பெர்த்துக்கு உரியவர் ஏறும்போது தூங்கும் குழந்தையைக் காட்டிக் கெஞ்சுவது மிகவும் சங்கடமான காரியம். எட்டு வயதுப் பிள்ளையோடு ஒரே பெர்த்தில் உங்களால் தூங்க முடியுமா என்று யோசித்து, முடியாது என்றால் முழுக் கட்டணமே கட்டிவிடுங்கள்.

தேதி விஷயத்தில் கண்டிப்பாகக் கவனம் வேண்டும். 13ஆம் தேதி 00.20 மணி வண்டி என்றால், நீங்கள் ஸ்டேஷனில் இருக்க வேண்டியது 12ஆம் தேதி இரவு. 13ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போனால் உங்கள் வண்டி முந்தைய இரவே போயிருக்கும். ‘என் பெர்த்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார்’ என்று நடக்கும் சத்தமான சண்டைகளில் பல இந்தத் தேதிக் குழப்பத்தில்தான் முடிகின்றன.

2. உங்கள் பெர்த் எது என்று வீட்டிலேயே கணக்குப் போடுங்கள்

ஸ்லீப்பர், தேர்ட் ஏசி இரண்டிலும் எண்கள் எட்டெட்டாகப் போகும். பெர்த் எண்ணை 8ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1 அல்லது 4 என்றால் லோயர். 2 அல்லது 5 என்றால் மிடில். 3 அல்லது 6 அப்பர். 7 என்றால் சைடு லோயர், அதாவது நடைபாதைக்கு மறுபக்கம் சன்னலோரம் உள்ள கீழ்ப் படுக்கை. மீதி இல்லாமல் வகுபட்டால் சைடு அப்பர். உதாரணமாக 37 என்றால் மிடில், 47 என்றால் சைடு லோயர், 64 என்றால் சைடு அப்பர். செகண்ட் ஏசியில் மிடில் கிடையாது, ஆறாறாகப் போகும். 6ஆல் வகுத்தால் மீதி 1, 3 லோயர். 2, 4 அப்பர். 5 சைடு லோயர். மீதி இல்லை என்றால் சைடு அப்பர்.

இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு நன்மை. வழியில் பெட்டியைப் போட்டு நிறுத்திக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகத் தேட வேண்டியதில்லை. பகலில் நீங்கள் எந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 1, 2, 3 ஒரு பக்க இருக்கை. 4, 5, 6 எதிர்ப் பக்க இருக்கை. 7ம் 8ம் சைடு லோயரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

டிக்கெட்டில் ஆர்ஏசி என்று இருந்தால் உங்களுக்கு உட்காரும் இடம் உறுதி, படுக்கை உறுதியில்லை. ஒரு சைடு லோயரை இரண்டு பேர் பங்கிட வேண்டும். யாராவது வராமல் போனால் வரிசைப்படி பெர்த் கிடைக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவரும் உங்களைப் போலவே பாதி இடத்துக்குக் காத்திருப்பவர்தான். கால் நீட்டும் முறையை முதல் பத்து நிமிடத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். தலையும் காலும் எதிரெதிராக, ஆளுக்கு ஒரு பக்கச் சுவரோரம் என்று வைத்துக்கொண்டால் இருவரும் ஓரளவு கண் அயரலாம்.

இணையத்தில் எடுத்த டிக்கெட், சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) தயாரான பிறகும் முழுதாக வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே இருந்தால் அது தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். அதை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது. ஏறினால் டிக்கெட் இல்லாத பயணியாகத்தான் கணக்கு: கட்டணத்தோடு கூடுதலாக ₹250 அல்லது கட்டணத்துக்குச் சமமான தொகை, எது அதிகமோ அது.

3. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

ஒரே பிஎன்ஆரில் (டிக்கெட்டில் உள்ள பதிவு எண்) பயணிப்பவர்களில் யாராவது ஒருவரிடம் அசல் அடையாள அட்டை இருந்தால் போதும். ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், பான், ஓட்டுநர் உரிமம் எதுவானாலும் சரி. நகல் செல்லாது. அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் ஆதாரும் ஓட்டுநர் உரிமமும் ஏற்கப்படும், ஆனால் அரசு வழங்கிய ஆவணங்கள் என்ற பகுதியில் இருப்பவை மட்டும். நீங்களே படம் எடுத்து ஏற்றியது செல்லாது. செல்போன் சார்ஜ் தீர்ந்துபோகும் என்பதால் ஒரு அட்டையாவது கையில் வைத்துக்கொள்வது நல்லது.

இணைய டிக்கெட்டுக்கு அச்சுத்தாள் வேண்டாம், வந்த எஸ்எம்எஸ் போதும். கவுன்டரில் எடுத்த டிக்கெட்டுக்கு அசல் தாள் கட்டாயம். அதைப் படம் எடுத்து வைத்திருந்தால் பயனில்லை. மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் எடுத்தவர்கள் வயதைக் காட்டும் அட்டை வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் மேல் சட்டைப் பையிலோ கைப்பையின் வெளி அறையிலோ வையுங்கள். டிக்கெட் பரிசோதகரான டிடிஆர் வந்து நிற்கும்போது சீட்டுக்கு அடியில் குனிந்து, நான்கு பேரைக் காலைத் தூக்கச் சொல்லி, பெட்டியை இழுத்துத் திறப்பது ஒருவருக்கும் பிடிக்காது.

4. லக்கேஜ்: அளவும் எடையும்

இலவசமாகக் கொண்டுபோகக்கூடிய எடை: ஏசி முதல் வகுப்பில் 70 கிலோ, செகண்ட் ஏசியில் 50, தேர்ட் ஏசியிலும் ஸ்லீப்பரிலும் 40, இரண்டாம் வகுப்பில் 35. பெட்டி 100×60×25 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். தேர்ட் ஏசி, சேர் கார் என்றால் 55×45×22.5 செ.மீ. அதற்கு மேல் இருப்பதை வண்டி புறப்பட 30 நிமிடம் முன்பாவது லக்கேஜ் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். முறையாகப் பதிவு செய்தால் கூடுதல் எடைக்கு லக்கேஜ் கட்டணத்தில் ஒன்றரை மடங்கு. சொல்லாமல் ஏற்றிப் பிடிபட்டால் ஆறு மடங்கு.

எடையை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை என்று சிலர் சொல்லலாம். பிரச்சினை தராசில் இல்லை, சீட்டுக்கு அடியில் இருக்கிறது. எதிரெதிரே உள்ள இரண்டு லோயர் பெர்த்துகளுக்கு அடியில் இருக்கும் இடம்தான் அங்குள்ள ஆறு பேருக்கும் பொது. ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி, ஒரு பை என்று கணக்கு. முதலில் ஏறியவர் நான்கு பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டால், அடுத்து வருபவர் தன் பெட்டியை நடைபாதையில் வைப்பார். இரவு கழிப்பறைக்குப் போகிற ஒரு பாட்டி அதில் கால் தடுக்கி விழுவார்.

அடுக்கும் முறை இது. கடைசி வரை போகிறவர்களின் பெட்டி உள்ளே, நள்ளிரவில் இறங்குபவர்களின் பெட்டி வெளியே. எங்கே இறங்குகிறீர்கள் என்று எதிரில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டாலே போதும். சக்கரம் உள்ள பெட்டியைப் படுக்கை வசமாகத் தள்ளுங்கள். நிறுத்தி வைத்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் உருண்டு வந்து யார் கணுக்காலிலாவது இடிக்கும். சீட்டுக்கு அடியில் இரும்பு வளையம் இருக்கும், அதில் சங்கிலி போட்டுப் பூட்டலாம். பூட்டும்போது அடுத்தவர் பையின் பட்டையும் சேர்ந்து மாட்டிக்கொள்ளவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு அவர் இறங்க வேண்டியிருக்கும், நீங்கள் அப்பர் பெர்த்தில் அசந்து தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இரவுக்குத் தேவையானவற்றை மட்டும் ஒரு சிறு பையில் தனியாக எடுத்து வையுங்கள்: போர்வை, பல் துலக்கும் பொருள்கள், மாத்திரை, தண்ணீர், சார்ஜர், இயர்போன். ஒருமுறை தள்ளிவிட்ட பெரிய பெட்டியை இறங்கும் வரை இழுக்கத் தேவையில்லாதபடி இந்தப் பையை அமைப்பதில்தான் மொத்த நிம்மதியும் இருக்கிறது.

5. ஏறும்போது

இறங்குபவர்கள் இறங்கட்டும். வாசலில் இரண்டு பக்கமும் ஒதுங்கி நில்லுங்கள். இரண்டு நிமிடம் மட்டும் நிற்கும் ஸ்டேஷன் என்றால் பெட்டி எண் எந்த இடத்தில் வரும் என்று பிளாட்பாரப் பலகையில் முன்பே பார்த்து, அங்கே போய் நிற்க வேண்டும். தவறான வாசலில் ஏறி, நான்கு பெட்டி தாண்டி, பெரிய பெட்டிகளோடு நடைபாதையில் எதிர்நீச்சல் போடுவதுதான் அந்த நேரத்தில் எல்லோரையும் எரிச்சல்படுத்துவது.

வழியனுப்ப வருபவர்களுக்கு பிளாட்பாரம் டிக்கெட் ₹10, இரண்டு மணி நேரம் செல்லும். அது பிளாட்பாரத்துக்கு மட்டும்தான், பெட்டிக்குள் ஏறுவதற்கு இல்லை. ஒருவருக்கு ஆறு பேர் உள்ளே வந்து சீட்டில் உட்கார்ந்துகொள்வதால் உண்மையில் ஏற வேண்டியவர்கள் வெளியே நிற்கிறார்கள். சன்னல் வழியாகப் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் இடத்தில் வேறொருவர் இருந்தால் முதலில் உங்கள் டிக்கெட்டை மறுபடி பாருங்கள்: தேதி, வண்டி எண், பெட்டி எண், பெர்த் எண். இந்த நான்கும் சரி என்றால், ‘உங்க டிக்கெட்டைக் கொஞ்சம் பார்க்கலாமாங்க?’ என்று கேளுங்கள். ‘எழுந்திருங்க’ என்று ஆரம்பித்தால், தவறு அவருடையதே ஆனாலும் விட்டுக்கொடுக்கக் கௌரவம் இடம் தராது. டிடிஆர் வந்து பார்க்கும் வரை உங்கள் இடத்திலேயே இருங்கள். வேறு பெட்டி நண்பர்களோடு போய் உட்கார்ந்தால், வராதவர் என்று குறித்து அந்த பெர்த்தை ஆர்ஏசியில் இருப்பவருக்குக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.

6. பகலில் இருக்கை, இரவில் படுக்கை

இந்த ஒன்று தெரிந்தால் முக்கால்வாசிச் சண்டை இல்லை. படுக்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. 2017 முதல் இதுதான் விதி. அதற்கு முன் ஒன்பது மணியாக இருந்தது. மற்ற நேரங்களில் பெர்த் என்பது எல்லோருக்கும் உட்காரும் இடம்.

ஆக, லோயர் பெர்த் வைத்திருப்பவர் மாலை ஏழு மணிக்கு நீட்டிப் படுத்து, மற்ற இருவரை நிற்க வைக்க முடியாது. மிடில் பெர்த்காரர் காலை எட்டு மணி வரை மாட்டி வைத்துக்கொண்டு தூங்க முடியாது. கீழே இருப்பவர் முதுகை நிமிர்த்தி உட்காரவே முடியாதே. அதே போல இரவு 10 ஆகிவிட்டால், ‘இன்னும் தூக்கம் வரலை, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கேன்’ என்று அப்பர் பெர்த்காரர் லோயரில் உட்கார்ந்திருக்க முடியாது. சைடு அப்பர்காரருக்கும் இரவு 10 முதல் காலை 6 வரை சைடு லோயரில் எந்த உரிமையும் கிடையாது.

விதிவிலக்கு உண்டு. நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் நேரம் தாண்டியும் படுத்திருக்கலாம். மற்றவர்கள் ஒத்துழைக்கும்படி விதியே கேட்டுக்கொள்கிறது. மூத்தவர்களுக்கோ கர்ப்பிணிகளுக்கோ மாற்றுத்திறனாளிகளுக்கோ மேல் பெர்த் விழுந்து, பெட்டியில் லோயர் காலியானால் அதை அவர்களுக்கு ஒதுக்கும் அதிகாரம் டிடிஆருக்கு உண்டு. கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை. கேட்டால்தான் கிடைக்கும், அதனால் அவர் டிக்கெட் பார்க்க வரும்போதே கேட்டு வையுங்கள்.

சன்னலோரம் லோயர் பெர்த்காரருக்கு விடுவது வழக்கம். மூன்று பேரும் பேசி மாறி மாறி உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

எல்லோருக்கும் ஒன்பதரைக்கே தூக்கம் வந்தால் ஒன்பதரைக்கே படுக்கலாம். விதி என்பது ஒத்துவராதபோது எடுத்துப் பார்ப்பதற்கு.

7. மிடில் பெர்த்தை மாட்டுவது

முதல் முறை வருபவர்கள் தடுமாறும் இடம் இது. தவறினால் கீழே இருப்பவருக்கு அடிபடும், எனவே அவசரமே வேண்டாம். முதலில் லோயரில் இருப்பவரை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். அவர் அங்கே படுத்திருக்கும்போது மாட்டவே கூடாது. சாய்மானமாக இருக்கும் பலகையின் கீழ் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்து மட்டமாக வரும் வரை தூக்குங்கள். தனியாக முடியாவிட்டால் எதிரில் இருப்பவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். மேல் பெர்த்திலிருந்து இரண்டு சங்கிலி தொங்கும். அவற்றின் கொக்கியை மிடில் பெர்த்தின் ஓரத்தில் உள்ள பிடியில் மாட்டுங்கள். கொக்கி முழுவதும் உள்ளே இறங்கி உட்கார வேண்டும், நுனி மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. இரண்டு பக்கமும் மாட்டிய பிறகு, ஏறுவதற்கு முன் இரண்டு உள்ளங்கையாலும் பலகையை அழுத்திப் பாருங்கள். ஆடினாலோ ஒரு பக்கம் தாழ்ந்தாலோ கழற்றித் திரும்ப மாட்டுங்கள். கொக்கி வளைந்திருந்தாலோ சங்கிலி பழுதாக இருந்தாலோ அதில் படுக்க வேண்டாம், டிடிஆரிடம் சொல்லுங்கள்.

ஏறும்போது ஏணிப் படியில் கால் வையுங்கள். கீழே இருப்பவரின் தலையணையிலும் எதிர் பெர்த்தின் விரிப்பிலும் மிதித்து ஏறுவது பலருக்கும் வாய் திறந்து சொல்ல முடியாத எரிச்சல். செருப்பைச் சீட்டுக்கு அடியில் ஓரமாக விடுங்கள். இருட்டில் அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்விடாதீர்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் எழுந்து தேடுவார்.

8. இடம் மாற்றிக் கேட்பது

கேட்பதில் தவறே இல்லை. கேட்கும் முறை இருக்கிறது. எல்லோரும் பெட்டியைத் தள்ளி, விரிப்பு விரித்த பிறகு கேட்காதீர்கள். ஏறிய உடனே கேளுங்கள். அவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்காதீர்கள், நின்றுகொண்டு கேளுங்கள். நீங்கள் தருவது அவர் இடத்துக்குச் சமமாகவோ அதை விட நல்லதாகவோ இருக்கட்டும். லோயரை வாங்கிக்கொண்டு கழிப்பறை ஓரத்து சைடு அப்பரைத் தருவது நியாயம் இல்லை. அவர் முடியாது என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். அறுபது நாள் முன்பே விழித்திருந்து எடுத்த லோயராக இருக்கலாம், வெளியே தெரியாத முதுகுவலியாக இருக்கலாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மாற்றிக்கொள்பவர் எந்த ஸ்டேஷன் வரை போகிறார் என்று கேட்டே ஆக வேண்டும். அவர் நள்ளிரவு ஒரு மணிக்கு இறங்குகிறார் என்றால், அந்த ஸ்டேஷனிலிருந்து அதே பெர்த் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது புதியவர் டிக்கெட்டோடு வந்து தட்டுவார். அந்நேரம் அந்த இடம் சட்டப்படி அவருடையது. உங்கள் பழைய பெர்த்தில் இருந்தவர் இறங்கிப் போயிருப்பார், அங்கே நீங்கள் திரும்பிப் போய்விடலாம். ஆனால் பாதித் தூக்கத்தில் இருட்டில் இடம் மாறுவது எளிதல்ல. எனவே ஒரே இடம் வரை போகிறவரோடு மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், டிடிஆரிடமும் சொல்லிவிடுங்கள்.

9. பத்து மணிக்குப் பிறகு

இரவு 10க்குப் பிறகு செல்போனில் சத்தமாகப் பேசுவது, இயர்போன் இல்லாமல் பாட்டு, வீடியோ ஓடவிடுவது, கூட்டமாக உட்கார்ந்து அரட்டை அடிப்பது ஆகியவை கூடாது, இரவு விளக்கு தவிர மற்ற விளக்குகளை அணைக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் ரயில்வே அறிவுறுத்தியது. முன்பே ஏறிச் சோதனை முடிந்தவர்களை டிடிஆரும் அதற்குப் பிறகு எழுப்பக் கூடாது; இடையில் ஏறுபவர்களிடம் மட்டும் பார்ப்பார்.

சத்தம் என்பது பேச்சு மட்டும் இல்லை. பாலிதீன் கவரைப் பிரிக்கும் சரசரப்பு, பையின் ஜிப், விசை அழுத்தும் ஒலி, குறுஞ்செய்தி மணி, எல்லாம் அந்த அமைதியில் பெரிதாகக் கேட்கும். செல்போனை ஒன்பதரைக்கே அதிர்வுக்கு மாற்றிவிடுங்கள். நாலரைக்கு எழ வேண்டும் என்றால் அதிர்வு அலாரம் வைத்துத் தலையணைக்கு அடியில் வையுங்கள். தேட வேண்டியது ஏதாவது இருந்தால் டார்ச்சைக் கையால் பாதி மூடி, தரையை நோக்கிப் பிடியுங்கள். மேலே தூக்கினால் எதிர் பெர்த்தில் தூங்குபவரின் முகத்தில்தான் அடிக்கும்.

சார்ஜ் போடும் இடம் எட்டுப் பேருக்கும் பொது. சில வண்டிகளில் பாதுகாப்புக்காக இரவு 11 முதல் காலை 5 வரை அதில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். மாலையிலேயே முறை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது பவர் பேங்க் கொண்டு வாருங்கள். அடுத்தவர் போனைக் கழற்றிவிட்டு உங்களுடையதை மாட்டும் முன் கேளுங்கள்.

குறட்டைக்கு விதி இல்லை. யாரும் வேண்டுமென்று விடுவதில்லை. காதில் வைக்கும் பஞ்சோ இயர்பிளக்கோ கொண்டுபோவதுதான் வழி.

ஏசி வகுப்பில் இரண்டு விரிப்பு, தலையணை, கம்பளி, சிறு துண்டு தருவார்கள். ஒரு விரிப்பைக் கீழே போட்டு, மற்றொன்றைக் கம்பளிக்கும் உங்களுக்கும் இடையில் போட்டுக்கொள்ளுங்கள். விரிப்பைப் போல ஒவ்வொரு பயணத்துக்கும் கம்பளியைத் துவைப்பதில்லை. குளிர் அதிகம் என்றால் அட்டெண்டரிடம் சொல்லுங்கள், காற்று வரும் துளையில் காகிதம் செருகாதீர்கள். காலையில் மடித்து வைத்துவிட்டுப் போங்கள். எடுத்துப் போவது ரயில்வே சொத்துத் திருட்டாகக் கருதப்படும்.

10. சாப்பாடு, குப்பை, கழிப்பறை

ஒன்பது மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள். குழம்பு ததும்பாத கட்டுச்சோறு வகைகள் நல்லது. சீட்டில் செய்தித்தாள் விரித்துச் சாப்பிட்டு, அதையே சுருட்டி எறிந்துவிடலாம். குப்பைத்தொட்டி கழிப்பறை அருகே, கை கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும். ரயிலிலும் ஸ்டேஷனிலும் குப்பை போடுவதற்கும் துப்புவதற்கும் 2012 விதிகளின்படி ₹500 வரை அபராதம்.

இப்போது பெட்டிகளில் இருப்பது உயிரிக் கழிப்பறை. கழிவு தண்டவாளத்தில் விழாமல் அடியில் உள்ள தொட்டியில் சேர்ந்து பாக்டீரியாவால் சிதைக்கப்படும். அதில் ஒரு தண்ணீர் பாட்டிலோ, நாப்கினோ, குழந்தையின் டயப்பரோ போட்டால் குழாய் வளைவில் அடைத்து நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்தக் கழிப்பறை ஊர் சேரும் வரை எழுபது எண்பது பேருக்கும் பயன்படாது. நாப்கினையும் டயப்பரையும் தாளில் சுற்றித் தொட்டியில் போடுங்கள். வெளியே வரும் முன் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்து விசையை அழுத்துங்கள், கதவை மெதுவாகச் சாத்துங்கள். அருகில் உள்ள பெர்த்துகளில் ஆள் தூங்குகிறார்கள்.

கழிப்பறையில் புகை பிடிப்பது ரகசியமாக இருக்காது. ஏசி பெட்டிகளில் புகையை உணரும் கருவி இருக்கிறது. அது பிரேக் போட்டு வண்டியையே நிறுத்திவிடக்கூடும். படிக்கட்டில் தொங்கிப் பயணம் செய்வதற்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது ₹500 வரை அபராதம் அல்லது இரண்டும்.

11. சொல்லியும் கேட்காவிட்டால்

முதலில் நீங்களே ஒரு முறை, தணிந்த குரலில், குறிப்பிட்ட ஒன்றை மட்டும் கேளுங்கள். ‘இப்படியா நடந்துக்குவீங்க?’ என்பதற்குப் பதில், ‘அண்ணே, கொஞ்சம் இயர்போன் போட்டுக்கிறீங்களா, குழந்தை தூங்குது’ என்றால் பெரும்பாலும் முடிந்துவிடும். இரண்டாவது முறை நீங்கள் கேட்க வேண்டாம். ஏசி பெட்டியில் அட்டெண்டரிடமோ டிடிஆரிடமோ சொல்லுங்கள். ஒரு டிடிஆர் பல பெட்டிகளைப் பார்ப்பதால் உடனே கிடைக்காமல் போகலாம்.

அடுத்தது ரயில்வே உதவி எண் 139. அழைக்கலாம், அல்லது ரயில்வேயின் புகார் செயலியான ரயில்மதத்தில் பதியலாம். கட்டணம் இல்லை. பேசும் முன் பிஎன்ஆர் எண், வண்டி எண், பெட்டி, பெர்த் எண், கடைசியாகக் கடந்த ஸ்டேஷன் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். ‘என் பக்கத்துல ஒருத்தர் தொந்தரவு பண்றார்’ என்று மட்டும் சொன்னால் எந்தப் பெட்டிக்கு ஆள் அனுப்புவது? ‘எஸ்5, 33ஆவது பெர்த், குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறார், என் பெர்த் 36’ என்றால் அடுத்து நிற்கும் ஸ்டேஷனில் ஆள் வர வழியுண்டு. புகார் எண் தருவார்கள், குறித்து வையுங்கள். பெண்களிடம் அத்துமீறல், மிரட்டல், திருட்டு என்றால் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். நேராக 139ஐ அழைத்துப் பாதுகாப்புக்கான 1ஐ அழுத்துங்கள், அல்லது அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள்.

1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145ஆம் பிரிவு போதையில் இருப்பது, தொந்தரவு செய்வது, ஆபாசமாகப் பேசுவது ஆகியவற்றுக்கு ஆறு மாதம் வரை சிறையும் ₹500 வரை அபராதமும் விதிக்கிறது. வண்டியிலிருந்து இறக்கியும் விடலாம். பதிவு இல்லாமல் முன்பதிவு இடத்தில் உட்கார்ந்து நகர மறுப்பவருக்கு 155ஆம் பிரிவின் கீழ் ₹500 வரை அபராதம். இந்த எண்களைச் சக பயணியிடம் சொல்லி மிரட்டாதீர்கள், அது சண்டையை வளர்க்கத்தான் செய்யும். டிடிஆரிடம் பேசும்போது பயன்படும்.

அபாயச் சங்கிலியை இதற்காக இழுக்கக் கூடாது. தக்க காரணம் இல்லாமல் இழுத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ₹1,000 வரை அபராதம் அல்லது இரண்டும். தூங்கிக்கொண்டிருப்பவர்களையும் குழந்தைகளையும் படம் பிடித்து வெளியிடவும் வேண்டாம். படம் தேவை என்றால் புகாரோடு இணைக்க மட்டும்.

12. விடியற்காலையில் இறங்குவது

மூன்று நான்கு மணிக்கு இறங்குபவர்களால்தான் தடுப்பில் உள்ள மற்ற ஏழு பேரின் தூக்கமும் கெடுகிறது. இதற்கான வேலையை இரவே முடித்துவிட வேண்டும். படுக்கும் முன் பெரிய பெட்டியைச் சங்கிலியிலிருந்து விடுவிக்க எளிதாக வெளிப்பக்கம் நகர்த்துங்கள். சாவி சட்டைப் பையில் இருக்கட்டும். பாலிதீன் கவர்களை எல்லாம் ஒரே துணிப்பைக்குள் போட்டுவிடுங்கள். சீப்பு, பவுடர், மாற்றுத்துணி எதையும் காலையில் தேடும்படி விடாதீர்கள்.

ஸ்டேஷனுக்கு இருபது நிமிடம் முன்பு எழுந்தால் போதும். பெரிய விளக்கைப் போடாமல், குடும்பத்தினரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், தோளைத் தொட்டு எழுப்புங்கள். பெட்டியை இழுக்காமல் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய், அங்கே நின்று செருப்பைச் சரிசெய்து, தலை வாரிக்கொள்ளலாம். மிடில் பெர்த்திலிருந்து இறங்குபவர் அதை மடக்க வேண்டாம். கீழே ஆள் தூங்குகிறார், ஆறு மணிக்கு அவரே எழுந்து மடக்கிக்கொள்வார். போகும் முன் ஒரு முறை டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து பெர்த்தின் சுவரோரத்தையும் தலைப்பக்க வலைப்பையையும் பாருங்கள். கண்ணாடி, சார்ஜர், குழந்தையின் ஒற்றைச் செருப்பு, மூன்றும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.